ஈரம் காயாத தொட்டி

தபால்காரர் தொட்டி மண்ணிலிருந்து விரலை எடுத்துப் பார்த்தார். இன்றைக்கும் ஈரம்.

"ஊத்தவே இல்லையே" என்று செடியிடமே முறையிட்டார்.

செடி என்ன சொல்லும்? வாங்கி வந்த அன்று கத்தி கத்தியாக நிமிர்ந்து நின்றது. இப்போது ஓர் இலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்து அலுத்துப்போன ஆள் மாதிரி நின்றது.

அவர் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. இருந்தாலும் அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவர் இன்னும் தபால்காரர்தான். வேலையில் ஒரு கடிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். உண்மைதான். ஆனால், சின்னக் குழந்தையாக இருந்த மகளைக் கடைக்குக் கூட்டிப்போய், காய்கறிப் பையை மட்டும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தவரும் இவரேதான். மகளைக் கடைக்காரர் தூக்கிக்கொண்டு வந்து ஒப்படைத்தார். இந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகள் சொல்லாத ஆள் இல்லை.

அந்த மகளுக்கு இப்போது கைக்குழந்தை. பிரசவ லீவு முடியப்போகிறது. இந்தச் செடி வீட்டுக்கு வந்ததே அதனால்தான்.

"காப்பகத்துல எதுக்கும்மா விடணும்? நான் சும்மாத்தானே இருக்கேன். பேத்திய நான் பாத்துக்க மாட்டேனா?"

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போன வாரம் அடுப்புல பால வெச்சுட்டு எங்கப்பா போனீங்க?"

"பால் வாங்கத்தான்."

மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "சரி, ஒண்ணு பண்ணுங்க. ஒரே ஒரு செடி வாங்கி வளத்துக் காட்டுங்க. என் லீவு முடியறப்ப அது உயிரோட இருந்தா, பாப்பா உங்ககிட்ட. இல்லன்னா காப்பகம்."

இது நியாயமா என்று தபால்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை "ம்" என்றார். அவர் அதற்கு மேல் பேசி அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. வாயில் பூட்டுப் போட்டுச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார் என்று பேச்சு.

நர்சரியில் தபால்காரர் முதலில் ரோஜாவைத்தான் தொட்டார்.

"செடி வளத்துப் பழக்கம் உண்டா சார்?" என்றார் நர்சரிக்காரர்.

"இல்ல."

"அப்போ கைய எடுங்க."

ஃபெர்னைத் தொட்டார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு, மூலையிலிருந்து ஒரு ஸ்நேக் பிளான்ட்டை எடுத்து வைத்தார் நர்சரிக்காரர். "இதக் கொல்லணும்னா தனித் திறமை வேணும் சார். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் பொறுத்துக்கும். ஒரே ஒரு விஷயம். மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. நல்லாக் காஞ்சிருந்தா ஊத்துங்க. ஈரம் இருந்தா தண்ணிப் பக்கமே போகாதீங்க. இது தாகத்துல சாகாது, தண்ணியிலதான் சாகும்."

தபால்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் விரல், மாலையில் விளக்குப் போடுவதற்கு முன்னால் விரல். மண் காயவில்லை. அவரும் ஊற்றவில்லை. செடி மட்டும் அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

அந்தக் கோடையில் அவர் வீட்டுக்கு ஆள் வரத்துக்குக் குறைவில்லை. கீழ்வீட்டு டீச்சர் பேப்பர் படிக்க வருவார். "உஸ்ஸப்பா, தொண்ட வறண்டு போச்சுங்க. கொஞ்சம் தண்ணி." காவலாளி மின்சாரக் கட்டணச் சீட்டைக் கொடுக்க மாடியேறி வருவார். "ஐயா, ஒரு டம்ளர் தண்ணி." மாப்பிள்ளை ஆபீஸ் விட்டுப் போகும் வழியில் எட்டிப்பார்த்து, "தண்ணி" என்பார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

தபால்காரர் முகம் கோணாமல் கொடுத்தார். வெயிலில் சைக்கிள் மிதித்த காலத்தில் எத்தனை வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார்! கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார். பிஸ்கட் எடுக்க உள்ளே போய்விடுவார். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும். பாவம், என்ன தாகம் என்று நினைத்துக்கொள்வார்.

செடிக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று முடிவுசெய்து, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்து, தான் வியர்வையில் குளித்தார். ஈரம் போகவில்லை. மொட்டைமாடியில் கொண்டுபோய் வெயிலில் வைத்து, "கொஞ்சம் கண்ணு வெச்சுக்கப்பா" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். திரும்பப் போய்ப் பார்த்தால், மேலே இலை கருகியிருந்தது. கீழே மண் சொதசொதவென்று இருந்தது. மகள் விட்டுப்போன முடி உலர்த்தியை எடுத்து மண்ணுக்குச் சூடு காட்டினார். ஓர் இலையின் நுனி அப்பளம் மாதிரி சுருண்டது. தொட்டியின் ஓட்டை அடைத்திருக்குமோ என்று திருப்புளியால் குடைந்தார். ஓட்டை திறந்தது. தொட்டியும் இரண்டாகத் திறந்தது.

செடியைத் தூக்கிக்கொண்டு, வேறு தொட்டி வாங்க நர்சரிக்கு ஓடினார்.

"எவ்ளோ ஊத்துனீங்க?" என்றார் நர்சரிக்காரர், வேரை மோந்து பார்த்துவிட்டு.

"ஒரு சொட்டுகூட இல்ல."

"சார், டாக்டர்கிட்டயும் செடிக்காரன்கிட்டயும் பொய் சொல்லக் கூடாது. வேர் அழுகிக் கெடக்கு."

"சத்தியமா ஊத்தலய்யா!"

நர்சரிக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்கு ஞாபகமெல்லாம் எப்படி சார்?"

அந்தக் கேள்விதான் ஆளைச் சாய்த்துவிட்டது.

வீடு வரும் வழியெல்லாம் யோசித்தார். ஊற்றிவிட்டு மறந்துபோகிறோமா? பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போன ஆள், தண்ணீர் ஊற்றிவிட்டு ஊற்றவில்லை என்று சத்தியம் பண்ண மாட்டான் என்று என்ன நிச்சயம்? தன் கையைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்தார். டம்ளர்களைப் பரண்மேல் போட்டார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டார். குடத்துத் தண்ணீரை எடுக்கும்போதெல்லாம் "குடிக்கத்தான், குடிக்கத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

"டம்ளர் எதுவும் இல்ல டீச்சர். தப்பா நெனக்காதீங்க."

"அதனால என்ன, நான் பாட்டில் கொண்டாந்திருக்கேன்" என்றார் டீச்சர்.

மறுநாளும் மண் ஈரம்.

தபால்காரர் செடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுவதற்கு முந்தைய கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டார். பேத்திக்காக வாங்கி வைத்த கிலுகிலுப்பை அலமாரியில் இருந்தது. அதை எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக் கட்டினார். காப்பகத்துக்கே கொடுத்தனுப்பலாம்.

லீவு முடிவதற்கு முதல்நாள் மகள் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. பின்னால் மாப்பிள்ளை. குழந்தையின் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு காவலாளி. முடிவு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராத டீச்சரும் பின்னாலேயே வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

மகள் செடியை லேசாகத் தொட்டாள். அது வேரோடு கழன்று, கொழகொழவென்று அவள் கையோடு வந்தது.

குழந்தை "ங்ஙா" என்றது.

"நீ சொன்னது சரிதாம்மா" என்றார் தபால்காரர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "செடிக்காரர் சொன்னதத்தான் செஞ்சேன்னு நெனச்சேன். ஒரு சொட்டு ஊத்துன ஞாபகம் இல்ல. ஆனா மண்ணு காயவே இல்ல. அப்போ நான்தானே ஊத்தியிருக்கணும்? எனக்கே தெரியாம ஊத்தறேன்னா, என்னை நம்பி எப்படிம்மா பாப்பாவ விடுவே? காப்பகத்துலயே சேத்துடு. நான் வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

மகளுக்கு முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளையை முறைத்தாள். அடுத்து காவலாளியை. அதற்கடுத்து டீச்சரை. காவலாளி தள்ளுவண்டியின் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். டீச்சர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குழந்தையை மனைவியிடமிருந்து வாங்கி, தபால்காரரின் மடியில் வைத்தார்.

"'அப்பா மறந்துடுவார், பாவம், தோத்துடக் கூடாது, போறப்பல்லாம் அவருக்குத் தெரியாம ஒரு டம்ளர் ஊத்திட்டு வாங்க'ன்னு நீ என்கிட்ட மட்டும்தான் சொன்னேன்னு நெனச்சேன், இவங்க ரெண்டு பேரும் முழிக்கிற முழியப் பாத்தா, பாப்பாவுக்குப் பால் குடுக்கிற விஷயத்தையாவது நீ மாமாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறது நல்லது."