துப்பாக்கி அழுத ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் ஊரில் ஒரு துப்பாக்கி அழுதது. அதைப் பார்க்க கென்ட் நகரத்திலிருந்து பேருந்து பிடித்து வந்தார்கள். நவம்பர் மாதத்தில் பெல்ஜியத்தின் ஐசர் ஆற்றங்கரையில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

முதல் உலகப் போர்க்காலத்து மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி அது. சுட முடியாதபடி அடைத்தது. கொண்டுவந்தவர் பெயர் ஒக்டாஃப். பழைய போர்ச் சாமான் வியாபாரி என்றால் அவருக்குக் கோபம் வரும். 'இரும்பின் குரலைக் கேட்பவர்' என்று சொல்ல வேண்டும். 1914-இல் எங்கள் ஊர்ப் பையன்கள் நாய்கள் இழுக்கும் வண்டியில் கட்டிக் கொண்டுபோன அதே துப்பாக்கியாம். செத்தவர்களை நினைத்தால் அழுமாம். ஊர் வரலாற்றுக் கழகம் அதை விலைக்கு வாங்கிவிட்டால் அழுகை நிரந்தரமாக எங்களுக்கே சொந்தம். விலையைச் சொல்லும்போது மட்டும் துப்பாக்கி அழவில்லை. கழகத்தின் பொருளாளர்தான் அழுதார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயத்துப் பங்கு மண்டபம் நிரம்பும். அடுப்பு எரியும், வெங்காய சூப் கொதிக்கும். வெளியே இரவெல்லாம் நின்ற வேனிலிருந்து இரண்டு பேர் துப்பாக்கியைத் தூக்கி வருவார்கள். ஒக்டாஃப் கண்ணை மூடுவார். சற்று நேரத்தில், சுடும்போது சூடு தணிக்கத் தண்ணீர் ஊற்றும் அந்தத் தடித்த வெளிக்குழாயில் முத்து முத்தாக நீர் அரும்பி, வழிந்து, முனையில் சொட்டும். பெண்கள் கைக்குட்டையில் ஒற்றி எடுப்பார்கள். ஒரு ஒற்றலுக்கு ஐந்து யூரோ.

முதல் ஞாயிறன்று மதுக்கடை ஃபிர்மின் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"டோர்த்தே, நீ இயற்பியல் படிச்ச புள்ளதானே? போய்ப் பாரும்மா. குழாய்க்குள்ள தண்ணி ஊத்தி வச்சிருக்கானோ என்னவோ."

நாலு பேர் பார்த்தாலே எனக்குக் காது சிவந்துவிடும். அன்று நூறு பேர் பார்த்தார்கள். ஒக்டாஃப் பெருந்தன்மையாக மூடியைத் திறந்தார். விரலை விட்டேன். குளிரில் விறைத்தது. தண்ணீர் இல்லை.

"காய்ஞ்சிருக்கு" என்றேன். பொது மேடையில் நான் ஆற்றிய முதல் உரை அதுதான்.

"கேட்டீங்களா! விஞ்ஞானமே சொல்லிடுச்சு!" என்று முழங்கினார் ஒக்டாஃப். விஞ்ஞானம் தலையைக் குனிந்துகொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

ஒருத்தர் மட்டும் எழுந்தார். ரொட்டிக் கடை ரைன்ஹில்ட அக்கா.

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலம்மா. அது என்னைத் தேடி வந்துச்சு."

"நடந்தா, பஸ்லயா?"

மண்டபம் சிரித்தது. ஒக்டாஃப் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஊர்க் குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். துளி சொட்டும் பெயரில் துரோகம் இருக்கிறதாம். இமை இடுக்கு வழியாகத் துளி பெருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார் என்பது இப்போது புரிகிறது. அப்போது சிலிர்த்தது.

"சிரியல்..." சொட்டு விழுந்தது. "நாய்களை அவிழ்த்துக்கிட்டு ஓடினவன்! துப்பாக்கியை இழுக்க நாயில்லாம ஆறு பசங்க அங்கயே செத்தாங்க!"

சிரியல், ரைன்ஹில்ட அக்காவின் கொள்ளுத்தாத்தா. போருக்குப் பிறகு அவர் நாய் வண்டியில் ரொட்டி விற்றது ஊரறிந்த விஷயம். அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? ஆகா! ஊரே கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்துவிட்டது. கணக்கில் நாங்கள் எப்போதும் வேகம்.

மறுநாள் முதல் எல்லோரும் பக்கத்து ஊருக்குக் கார் ஓட்டிப்போய் ரொட்டி வாங்கினார்கள். அக்காவின் கடைக் கதவில் யாரோ நாய்ச் சங்கிலியைத் தொங்கவிட்டிருந்தார்கள். புதன்கிழமை நான் பின்வாசல் வழியாகப் போனேன். என் வீரம் அவ்வளவுதான்.

"முன்வாசல்ல வந்தா என்ன? உன் சாட்சியிலதானே என் கடை மூடுது" என்றார் அக்கா. "இந்த மாசம் இப்படியே போனா அடுப்பை அணைச்சிட வேண்டியதுதான்."

அக்காவை நிமிர்ந்து பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. குளிரிலிருந்து அடுப்படிக்குள் வந்ததில் மூக்குக் கண்ணாடி முழுக்க நீர் படர்ந்துவிட்டது. இரண்டு ஞாயிறும் மண்டபத்தில் இதே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் அந்த அற்புதத்தைத் தெளிவாகப் பார்த்தேன்.

"என்னடி, மரம் மாதிரி நிக்கிற?"

"அக்கா... என் கண்ணாடி அழுவுது."

"எந்தத் துரோகியைப் பார்த்து?"

மூன்றாம் ஞாயிறு, நான் கேட்டுக்கொண்டபடி துப்பாக்கிக்குப் பின்னாலேயே ஃபிர்மின் ஒரு பியர் பீப்பாயை உருட்டி வந்தார். முழுப் பீப்பாய், இரவெல்லாம் அந்த வேன் பக்கத்தில் நின்ற உலோகப் பீப்பாய்.

"இது எதுக்கு?" என்றார் ஒக்டாஃப்.

"துணைக்குத்தாங்க. அது தனியா அழுறதைப் பார்த்தா மனசு கேக்கல."

சூப் கொதித்தது. கூட்டம் மூச்சு விட்டது. துப்பாக்கியில் முத்து அரும்பியது. பீப்பாயிலும் அரும்பியது. முதலில் சொட்டியது பீப்பாய்தான்.

ரைன்ஹில்ட அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "பீப்பாய் யாரைக் காட்டிக் கொடுக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க ஐயா."

"என்னையத்தான்" என்றார் ஃபிர்மின். "இன்னும் குடிக்காம வச்சிருக்கேனே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சிவந்தது. ஆனாலும் சொன்னேன்: "வெளிய குளிர்ந்த இரும்பு. உள்ள நம்ம மூச்சும் சூப்பு ஆவியும். அது இதுல பட்டா தண்ணியாகும். இன்னிக்கு ராத்திரி துப்பாக்கியை இங்க, அடுப்புப் பக்கத்துல வையுங்க. நாளைக்கு அழாது."

"துப்பாக்கிக்குத் தனிமை வேணும்" என்றார் ஒக்டாஃப், குரல் இறங்கி.

"சரி, எங்க வாங்கினீங்கன்னு மட்டுமாவது சொல்லுங்க" என்றார் அக்கா. விடுவதாக இல்லை.

"ஏலத்துல... சினிமாக் கம்பெனி ஒண்ணு மூடினப்போ."

"எங்க கொள்ளுத்தாத்தா பேரு எப்படித் தெரியும்?"

"...கல்லறைத் தோட்டத்துல படிச்சேன்."

துப்பாக்கியோடு அவர் ஊரைவிட்டுக் கிளம்பினார். ஒரு பாட்டி மட்டும் கைக்குட்டையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார்: "இதைக் கட்டினப்புறம் என் முட்டி வலி குறைஞ்சுதே!"

மறுநாள் காலை ரொட்டிக் கடையில் நீண்ட வரிசை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சூடான ரொட்டி கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டே கொடுத்தார்.

காசு கொடுத்து ஒற்றி எடுத்து, கண்ணில் ஒத்திக்கொண்டது எங்கள் சொந்த மூச்சைத்தான். கொஞ்சம் வெங்காய வாசனையோடு. மூச்சு விட யோசிக்க வேண்டியதில்லை. நம்புவதற்கு யோசிக்க வேண்டும். இயற்பியல் பட்டம் வைத்திருந்த எனக்கே அதற்கு இரண்டு ஞாயிறு ஆனது. பட்டம் இல்லாத நீங்கள் இன்னும் சீக்கிரம் யோசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.