எங்கள் பங்குக்கு ஒரு பள்ளம்

ஆஸ்பத்திரி ரோட்டில் நேற்று மாலை வரை இருந்த பள்ளங்களில் ஒன்றைக்கூடக் காணோம். சதவீதம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் புதுத் தார் மின்னியது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் ஒரு பள்ளமாவது தப்பியிருக்காதா என்று குனிந்து தேடினார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மாநில நிதித்துறையில் அதிகாரியான அவர், எதைக் கேட்டாலும் நூற்றுக்கு இத்தனை என்றுதான் பதில் சொல்வார். அதனால் ஆபீஸ் முழுக்க அவரைச் சதவீதம் என்றே கூப்பிட்டது. மாநிலத்தின் நிலவரம் மொத்தமும் அவருக்குக் காகிதத்தில் அத்துப்படி. தரையில்தான் கொஞ்சம் தகராறு. வேலை தலைநகரில். மனைவி இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். விடுமுறைக்கு வந்து தூங்கிவிட்டுப் போகிற மனிதருக்கு வீட்டையும் பஸ் ஸ்டாண்டையும் தவிர இங்கே ஒரு சந்துகூடத் தெரியாது.

இன்றைக்கு நிதிக்குழு வருகிறது. நாடு முழுக்க வசூலாகும் வரி மத்திய அரசின் கையில் ஒரே குவியலாகச் சேரும் இல்லையா, அதில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இந்தக் குழுதான். குவியல் ஒன்றுதான், ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் குறைச்சல். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் சதவீதத்துக்கு உடம்பு சிலிர்த்துவிடும். எங்கோ ஒருத்தர் சோப்பு வாங்கும்போது கட்டிய வரி, முகம் தெரியாத இன்னொரு ஊரில் ஒரு குழந்தைக்கு மருந்தாகப் போய்ச் சேருகிறதே, இதைவிட அதிசயம் உலகத்தில் உண்டா என்று மனைவியிடம் கேட்பார். மருந்து எங்களுக்கு வந்து சேரலையே என்பாள் அவள்.

அவள் கவலை அவளுக்கு. அவளுடைய பிரசவ வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், சில நாள் மூன்று பேர். இந்த முறை பங்கு கூடினால் புதுப் பிரசவக் கட்டடம் நிச்சயம் என்று நிதிச் செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். குழுவை அழைத்துக்கொண்டு போகும் பொறுப்பையும் சதவீதத்திடமே விட்டார். உள்ளதை உள்ளபடி காட்டினால் போதும் என்றார்.

உள்ளதுதான் இப்போது இல்லை.

தப்பு இவர் வாய்மேல்தான். முந்தாநாள் சாப்பிடும்போது, பெரியவங்க ஆஸ்பத்திரியைப் பார்க்க வர்றாங்க என்று மனைவியிடம் சொல்லித் தொலைத்தார். அவள் டாக்டரிடம் சொன்னாள், டாக்டர் நகராட்சித் தலைவரிடம் சொன்னார். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் கூட்டிப் பெருக்கத்தானே செய்வார்கள்? ஊரே கிளம்பிவிட்டது.

தலைவர் வேட்டியெல்லாம் தாரோடு ரோட்டோரம் நின்றிருந்தார். தூங்காத கண். லாரிக்காரர் ஜல்லி இறக்கினாராம், தையல்காரர் கூடை சுமந்தாராம், பள்ளிக்கூட வாத்தியார்கள் மண்வெட்டி பிடித்தார்களாம். யாரும் கூலி வாங்கவில்லை.

"நூத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?" என்று சதவீதம் வழக்கம்போலக் கேட்டுவிட்டார்.

"நூத்துக்கு நூறு சார்."

 இத்தனை வருட சர்வீஸில் நூற்றுக்கு நூறு என்ற கணக்கைச் சதவீதம் எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை. ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. மென்று விழுங்கி, இதைக் கொஞ்சம் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டார். தலைவர் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார்.

"தோண்டணுமா சார்? அதுக்கு நாம ஏன் மெனக்கெடணும்? புது ரோடு போட்டாச்சுன்னு தெரிஞ்சா குழாய் போடுறவங்க தானா வந்து தோண்டுவாங்க. ஒரு மாசம் பொறுங்க."

ஒரு மாசத்துக்கு எங்கே போக? குழு இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். "ரோடு இப்படி இருந்தா சரிப்படாது தலைவரே" என்று மட்டும் சொன்னார். தலைவர் முகம் சுண்டிப்போனது. புரியுது சார், நான் பார்த்துக்கறேன் என்று ஓடினார். அவருக்குப் புரிந்தது வேறு. சற்று நேரத்தில் ரோட்டின் நடுவே வெள்ளைக் கோடு விழுந்தது. இரண்டு பக்கமும் பூந்தொட்டிகள் வரிசைகட்டி வந்து உட்கார்ந்தன.

சதவீதம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே பிரசவ வார்டு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர், வெள்ளை விரிப்பு, ஒரு கட்டிலுக்கு ஒரே ஒரு தாய். மற்றவர்கள் எங்கே என்று மனைவியைக் கேட்டார். நர்ஸ்கள் எல்லாரும் தங்கள் குவார்ட்டர்ஸ் அறைகளைக் காலி செய்து, ஆளுக்கு இரண்டு தாய்மாரை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம்.

"அவங்களை எல்லாம் கொஞ்சம் திரும்பக் கூட்டிட்டு வர முடியுமா? ஒரு மணி நேரத்துக்கு?"

அவள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை, குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"என்னங்க, நான் இங்க வேலைக்கு வந்ததுல இருந்து இன்னிக்குத்தான் முதல்முதலா எல்லாரும் காலை நீட்டிப் படுத்திருக்காங்க. போய் நீங்களே எழுப்புங்க பார்ப்போம்."

சதவீதம் பார்த்தார். ஒரு தாய் வாய் லேசாகத் திறந்திருக்க, கையைக் காலை விரித்து, கட்டில் முழுக்கத் தனக்கே என்று தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வருமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தார். அதற்குள் கார்கள் வந்து நின்றுவிட்டன.

குழுவின் தலைவர் ஒல்லியான, வயதான அம்மாள். பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி. இந்தக் கை போடும் கையெழுத்தில்தான் ஒரு நாட்டின் பணம் மொத்தமும் திசை பிரிந்து ஓடுகிறது என்று நினைத்துச் சதவீதம் அந்தக் கையையே பார்த்தார். அந்த அம்மாள் ரோட்டைப் பார்த்தார், பூந்தொட்டியைப் பார்த்தார், வார்டைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில், எல்லாம் நல்லாத்தானே இருக்கு என்றார்.

பிரசவக் கட்டடம் கட்டாமலே இடிந்து விழுந்த மாதிரி இருந்தது சதவீதத்துக்கு. இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கும்மா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, முன்னால் போகும் ஜீப்பில் ஏறி, டிரைவரின் காதில் கிசுகிசுத்தார்.

"உனக்குத் தெரிஞ்சதுலயே மோசமான ரோடு எதுவோ அங்க போ."

டிரைவர் உள்ளூர்க்காரர். முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணு இருக்கு சார். போனா ஸ்பிரிங் உடையும், பரவாயில்லையா?"

"உடையட்டும்."

ஜீப் வயல்களைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, ஒரு ஓடையின் மரப்பாலத்தில் கடகடத்து ஏறி இறங்கியது. அந்தக் கரையில் எப்போதோ பெயர்ப்பலகை இருந்த கம்பம் மட்டும் நின்றது, பலகை இல்லை. இனிமேதான் சார் நிஜ ரோடு என்றார் டிரைவர். பொய் சொல்லவில்லை. சதவீதத்தின் தலை கூரையில் நங் நங்கென்று இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அவர் மனசு குளிர்ந்தது. பின்னால் குழுவின் கார்கள் படகு மாதிரி ஆடி ஆடி வந்தன.

பாதை ஒரு பள்ளிக்கூடத்தில் முடிந்தது. பாதிக் கூரைக்கு ஓடு இல்லை. உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இறங்கி வாசலுக்கு வரவும், மழை பிடித்துக்கொண்டது.

தலைமை ஆசிரியர் ஒரு கையை உயர்த்தினார். அவ்வளவுதான். பிள்ளைகள் எழுந்தார்கள். பெரியவர்கள் பெஞ்சைத் தூக்கினார்கள், நடு வகுப்பு ஒழுகும் இடத்தில் வாளி வைத்தது, சின்னதுகள் பைகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடு இருக்கும் பக்கம் நகர்ந்தன. இரண்டு பெண்பிள்ளைகள் கரும்பலகைக்குக் குடை பிடித்தார்கள். இத்தனைக்கும் நடுவில் வாய்ப்பாடு நிற்கவில்லை. ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று நனைந்த பக்கத்தில் ஆரம்பித்தது, ஏழு ஒன்பது அறுபத்துமூன்று என்று நனையாத பக்கத்தில் தொடர்ந்தது. ஒரு குரல்கூடத் தடுமாறவில்லை.

 சதவீதம் மழையில் நனைவதுகூடத் தெரியாமல் நின்றார். தன் காகிதங்களில் பள்ளிக்கூடக் கட்டடம், பழுது, நூற்றுக்கு இத்தனை என்று அவர் எழுதியதெல்லாம் இதுதானா?  தலைமை ஆசிரியர் வரவேற்க வாயெடுத்தார். அவரைப் பேசவிடாமல் இவரே ஆரம்பித்துவிட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கூரை போட முடியாத நாடு என்ன நாடு, குவியலில் இவர்களுக்குப் பங்கு இல்லையென்றால் வேறு யாருக்குப் பங்கு என்று பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நூற்றுக்கு இத்தனை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அந்த அம்மாள் இவரையே உற்றுப் பார்த்தார்.

"அப்போ காலையில பார்த்த உங்க ஊரு?"

"அதை விடுங்கம்மா. அங்க ரோட்டுல பூந்தொட்டி வெச்சிருக்காங்க. அதைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அங்க ஒண்ணும் கொடுக்கலைன்னாலும் பரவாயில்ல, இந்த மண்ணுக்குக் கொடுங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"மனசறிஞ்சு சொல்றேன்மா."

"உங்க மேலதிகாரிங்க என்ன சொல்வாங்க?"

"என் வேலையே போனாலும் சரி, இதைத்தான் சொல்லுவேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி நனைந்திருந்ததா, கண்ணா என்று தெரியவில்லை. "எத்தனையோ மாநிலம் பார்த்துட்டேன். உங்களை மாதிரி ஒரு அதிகாரியை எங்கேயும் பார்த்ததில்ல. நீங்க சொன்னது அப்படியே என் அறிக்கையில வரும்" என்றார். பிறகு, அவ்வளவு பெரிய மனுஷி, இவரைப் பார்த்துக் கைகூப்பினார். சதவீதத்துக்குப் புல்லரித்துவிட்டது. கார்கள் திரும்பிப் போன பிறகும் அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. எந்த ஊரைக் காட்டி வாங்கினாலும் பங்கு மாநிலத்துக்குத்தானே, மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது, கட்டடத்துக்கு என்ன நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது என்றெல்லாம் அவர் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

தலைமை ஆசிரியர் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். 

"நல்லா இருப்பீங்க சார். எங்க மாநிலத்து அதிகாரிங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் இங்க எட்டிப் பார்த்ததில்ல. நீங்க பக்கத்து மாநிலத்துல இருந்து ஓடையைத் தாண்டி வந்து எங்களுக்காகப் பேசினீங்களே!"