சிவப்பு வண்டி ஆலங்குடி, நீல வண்டி அரிமளம்

"இன்னும் அஞ்சு நிமிஷம் இந்த இங்கிலீசு ஓடுச்சுன்னா, நாற்காலி மட்டுந்தான் உக்காந்து பாக்கும்," என்றார் ஆத்மநாதன்.

ஆலங்குடியில் புதிதாக ஒரு மின்சார ஸ்கூட்டர் கடை திறந்திருந்தார்கள். விளம்பரத்துக்காக எதிரிலிருந்த கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டி, உலக நாடுகள் சேர்ந்து முதல் வருடமாக நடத்தும் மின்சாரக் கார் பந்தயத் தொடரை நேரடியாகக் காட்டினார்கள். முதல் ஊர், முதல் நாள். கூட்டம் நன்றாகத்தான் வந்தது. வர்ணனை விளங்காததால் எழுந்து போகவும் தொடங்கியது.

ஆகையால் அய்யாக்கண்ணுவைக் கூட்டி வந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் எங்கே நடந்தாலும் மைக் அவர் கையில்தான். இந்த வருடம் மட்டும் சந்தேகம். பாலாஜி என்று புதிதாக ஒரு வர்ணனைக்காரன் புதுக்கோட்டையில் கிளம்பியிருந்தான். ஆத்மநாதன்தான் மாசித் திருவிழா வண்டிப் பந்தயக் குழுத் தலைவர்.

"இந்தக் கூட்டத்தைக் கலையாம, சண்டை வராம கடைசி வரைக்கும் கொண்டுபோ. மாசித் திருவிழாவுக்கு மைக்கு ஒனக்கு. இல்லேன்னா பாலாஜிக்கு," என்றார்.

அய்யாக்கண்ணு இங்கிலீஷ் குரலை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கைத் தட்டினார். திரையில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

"என்னாம்மா இது, எல்லாத்தையும் ஒண்ணா அவுத்து விடாம தனித்தனியா விடுறான்?" என்று மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அது வந்துண்ணே..." என்றாள் கடையில் வேலை பார்க்கும் புவனேஸ்வரி.

"சரி விடு. வெளிநாட்டுக்காரன் பழக்கம் அப்படி இருக்கும்."

காரோட்டிகளின் பெயர் ஒன்றும் அவர் வாயில் நுழையவில்லை. ஆனால் வண்டிப் பந்தயத்தில் ஓட்டுகிறவன் பெயரை யார் கேட்கிறார்கள்? ஊர் பெயர்தானே பேச்சு. அவர் கனைத்துக்கொண்டார்.

"முன்னாடி வார சிவப்பு வண்டி நம்ம ஆலங்குடி. அதைத் தொட்டுக்கிட்டு வார நீல வண்டி அரிமளம்."

வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். அரிமளத்திலிருந்து பக்கத்துத் தெரு நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த வேன் கூட்டமும் உள்ளே புகுந்தது. கடைக்காரர் அய்யாக்கண்ணுவுக்கு ஒரு சோடா கொடுத்தனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் நீல வண்டி சிவப்பைத் தாண்டியது. கடலை வியாபாரம் செய்யும் சொர்ணவல்லி எழுந்து நின்றார்.

"எங்க ஊருல நின்னுக்கிட்டு எங்க வண்டியவே பின்னாடி விடுறியா? வாங்கப்பா, போவோம்."

"இருங்கக்கா. அந்தப் பச்சை வண்டியும் ஆலங்குடிதான். ரெண்டாஞ் சோடி."

சொர்ணவல்லி உட்கார்ந்தார். அரிமளத்து வேனில் வந்த ஐயனார் எழுந்தார்.

"அவங்களுக்கு ரெண்டு, எங்களுக்கு ஒண்ணா? நாங்க என்ன மாடு இல்லாத ஊரா?"

மஞ்சள் வண்டி அரிமளத்துக்குப் போனது. ஸ்கூட்டர் விலை கேட்க வந்து, சோடா குடித்துக்கொண்டிருந்த திருமயத்துக்காரர்கள் இரண்டு பேர் மெதுவாகக் கையைத் தூக்கினார்கள். எல்லோருக்கும் கடைசியாக ஊர்ந்துகொண்டிருந்த வெள்ளை வண்டியை அவர்களுக்குக் கொடுத்தார். இனிச் சண்டை வராது என்று நினைத்தார்.

அப்போது நீல வண்டி ஒரு கொட்டகைக்குள் போய் நின்றது. நாலு பேர் ஓடி வந்து சக்கரத்தைக் கழற்றினார்கள்.

"பாதிப் பந்தயத்துல எங்க வண்டிச் சக்கரத்தை எவன்டா கழட்டுறது?" ஐயனார் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஆலங்குடிக்காரன் வேலைதான இது?"

"ஆமா, நாங்க இங்கிட்டு உக்காந்து அங்கிட்டுக் கழட்டுறோம்," என்றார் சொர்ணவல்லி.

அய்யாக்கண்ணு அவசரமாக மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அரிமளத்து வண்டிக்குத் தண்ணி காட்டுறாய்ங்க. இந்தா கிளம்பிரும்," என்றார். அது கிளம்பவில்லை. அதைச் சுற்றி நின்றவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புவனேஸ்வரி அவர் சட்டையை இழுத்தாள். "அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"பொறும்மா, இங்க ஊரே பத்திக்கிட்டு நிக்கிது."

சொல்லி முடிப்பதற்குள் திரையில் கட்டம்போட்ட கொடி அசைந்தது. அந்த நேரம் பார்த்துக் கொடியைக் கடந்தது திருமயத்து வெள்ளை வண்டி.

திருமயத்துக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தூக்க முயன்றார்கள். முடியவில்லை. ஆலங்குடியும் அரிமளமும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து மேடையை நோக்கி வந்தன.

"கடைசியா வந்தது எப்படி மொதல்ல வரும்?" என்றார் சொர்ணவல்லி.

"எங்க வண்டி கொட்டகையில நிக்கையில எவன் கொடிய இறக்குனது?" என்றார் ஐயனார்.

"கொடி கொடிதாங்க," என்றார்கள் திருமயத்துக்காரர்கள், தூரத்திலிருந்தே.

ஆத்மநாதன் மேடையேறினார். "அய்யாக்கண்ணு, மைக்குல தெளிவாச் சொல்லிரு. ஜெயிச்சது எந்த ஊரு?"

மூன்று ஊரில் ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டு ஊரிலும் இனி மைக்கைத் தொட முடியாது. மூன்றையும் சொன்னால் மண்டபத்தை விட்டே போக முடியாது. பாலாஜி மாசித் திருவிழாவில் மைக் பிடித்து நிற்பது அவர் கண்முன் தெரிந்தது. மைக்கை மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

புவனேஸ்வரி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"யாரும் ஜெயிக்கலீங்க. இன்னைக்கு வண்டிய சும்மா ஓட்டிப் பாத்தாங்க; பந்தயம் நாளைக்குத்தான்."