பக்குரங்கா வழியாகச் சிலி

"டேய், சிலியில இருக்கிறவன் இங்க ஃப்ளஷ் பண்ணலாமாடா?" மாரிசாமி குளியலறைக் கதவில் வாய் வைத்துக் கிசுகிசுத்தான். "ஹால்ல வீட்டு ஓனரம்மா உட்கார்ந்திருக்காங்க. உள்ள யாருன்னு கேட்டாங்க. பூனைன்னு சொல்லிட்டேன்."

"பூனை ஃப்ளஷ் பண்ணுமாடா?"

"அதை அவங்க கேக்கல. வாடகை ஒப்பந்தத்துல பூனை கிடையாதேன்னுதான் கேட்டாங்க."

குளியலறைக்குள் அரவிந்த் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். ஆக்லாந்து பக்குரங்காவில் மாரிசாமியும் அவனும் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னறைக்குள் பதுங்கிக்கொண்டு அவன் சிலி நாட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கி அன்றோடு ஒன்பது நாள்.

எல்லாம் கண்மணியால் வந்தது. அதே ஊரில் எப்சம் பகுதியில் அப்பா அம்மாவோடு இருக்கும் பல் டாக்டர். இரண்டு வீட்டிலும் பேசி, ஜாதகம் பார்த்து, பெண்ணும் பையனும் முதலில் ஃபோனில் பேசட்டும் என்று விட்டிருந்தார்கள். ஏற்கெனவே நான்கு பேரை வேண்டாம் என்றவள், இவனிடம் எடுத்த எடுப்பில் கேட்டாள்:

"தனியா எங்கயாவது ஊர் சுத்தியிருக்கீங்களா?"

கம்ப்யூட்டரும் தயிர்சாதமுமாக வாழ்ந்துவந்த அரவிந்துக்கு எங்கிருந்துதான் அந்த வீரம் வந்ததோ. "அடுத்த மாசம் சிலி போறேங்க. முதுகுல ஒரு மூட்டை, ரோட்டோரமா நின்னு லிஃப்ட் கேட்டே மூணு வாரம்."

 "நிஜமாவா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அரவிந்த் விழுந்தான். கட்டினால் இவளைத்தான் என்று அன்றே முடிவு செய்தான்.

பாவம், டிக்கெட் எடுக்கத்தான் செய்தான். ஆபீஸில் நியூசிலாந்துப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பக்கத்து மேஜைக்காரர்கள் விசாவே இல்லாமல் சிலிக்குப் போய்வந்த கதையைக் கேட்டுக் கேட்டு, தன் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்பதை மறந்துவிட்டான். ஏர்போர்ட் கவுண்டரில்தான் அதை அவனுக்கு நினைவுபடுத்தினார்கள். ஆபீஸில் கேக் வெட்டி வழியனுப்பியாயிற்று. எப்சமில் அர்ச்சனையும் பண்ணியாயிற்று. உண்மையைச் சொன்னால் கண்மணி சிரிப்பாள். சிரித்துவிட்டு ஐந்தாவதாகவும் வேண்டாம் என்பாள். அந்தப் பயத்தில் மூட்டையோடு நேராகப் பின்னறைக்கு வந்துவிட்டான்.

இரண்டாம் நாள் அவள் படம் கேட்டாள். யாரோ பெயர் போடாமல் எழுதிய ஒரு பயண வலைப்பதிவைத் தேடிப் பிடித்தான். மண்சாலை, மலை, முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி நிற்கும் ஓர் ஆள். மஞ்சள் ரெயின்கோட், தோளில் சிவப்புத் துணி ஒட்டு, தலையை மூடிய தொப்பி. முகம் தெரியாததால் அதையே அனுப்பினான்.

"ரெயின்கோட் ரொம்ப நல்லா இருக்கு. யார் எடுத்தாங்க?"

"ஒரு லாரி டிரைவர்."

மறுநாள், "வீடியோ கால் வாங்களேன்" என்றாள். பாலைவனத்துக்குள் போகிறேன், மூன்று நாள் சிக்னல் இருக்காது என்று எழுதினான். பாலைவனம் என்றதும் அவள் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாராம். மூன்று நாள் கழித்து 'சிக்னல் வந்ததும்' அவரைச் சமாதானப்படுத்த, உடம்பெல்லாம் சௌக்கியம், சாப்பாடுதான் வெறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் என்று எழுதினான். அதுதான் வினையாகிவிட்டது.

ஓனரம்மா கிளம்பிப்போன பிறகு, அதே ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்றரைக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் கட்டிட்டாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் நாளைக்கு சிலி போறார். உங்க ஸ்வெட்டரும் ஒண்ணு கொடுத்தனுப்பலாம்னு அப்பா உங்க வீட்டுக்குக் கிளம்பிட்டார். நாலு மணிக்கு வருவார். மாரிசாமிகிட்ட சொல்லிடுங்க."

அரவிந்த் ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தான். "டேய் மாரி! மாமனார் வர்றார்டா!"

"அலமாரிக்குள்ள போயிடு."

"ஸ்வெட்டரே அதுலதான்டா இருக்கு!"

நாலாவதற்கு முன்பே வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அரவிந்த் யோசிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்தான். ஃபோன் கட்டிலில், பர்ஸ் மேஜையில், காலில் ரப்பர் செருப்பு. அப்போது பார்த்து ஆக்லாந்து மழை அடித்து ஊற்றியது. பின்வேலியைத் தாண்டி மெயின் ரோடுவரை ஓடினான். பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை. பல் தந்தியடிக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக ரோட்டோரம் நின்று கட்டைவிரலை நீட்டினான்.

எத்தனையோ கார்கள் அவன்மேல் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போயின. கால் மணி கழித்து ஒரு வெள்ளைக் கார் நின்றது. கும்பிடாத குறையாக ஏறி உட்கார்ந்தான்.

"சீட் பெல்ட் போட்டுக்குங்க, தம்பி" என்றார் ஓட்டியவர். தமிழ்!

அரவிந்த் மெல்லப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் அவனுடைய ஸ்வெட்டர். பக்கத்தில் ஓர் ஊறுகாய் பாட்டில். அதன்மேல் ஒட்டிய தாளில் 'அரவிந்த், சிலி' என்று எழுதியிருந்தது. காரை ஓட்டுகிறவர் கண்மணியின் அப்பா கோதண்டராமன்.

"எனக்கு அரவிந்த்னு யாரையும் தெரியாதுங்க சார்" என்றான் அவசரமாக.

"நான் கேக்கவே இல்லையே தம்பி."

 எல்லாம் போச்சு, கண்மணியும் போயாச்சு என்று நினைத்துக்கொண்டான் அரவிந்த். எப்படி ஆரம்பித்து மன்னிப்புக் கேட்பது என்று அவன் தடுமாறிக்கொண்டிருக்கையில், சிக்னலில் கார் நின்றது. கோதண்டராமன் சீட்டுக்குக் கீழே கைவிட்டு எதையோ எடுத்து அவன் மடியில் வைத்தார். மஞ்சள் நிறம். தோளில் சிவப்புத் துணி ஒட்டு.

"இதைப் போட்டுக்குங்க. எப்படியும் ஜன்னல் வழியா குதிப்பார், நனைஞ்சிடுவார்னு கண்மணிதான் கொடுத்தனுப்பினா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவ சிலியில லிஃப்ட் கேட்டு அலைஞ்சப்போ போட்டிருந்த கோட்டு."