மூத்திரப்பை பற்றி நான் நடத்திய பாடம்

மனித உடம்பில் மரியாதை தெரியாத உறுப்பு எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் மூத்திரப்பை என்று சொல்வேன். வயிறு பசித்தால் நாலு தரம் உறுமிவிட்டு அடங்கிவிடும். கண்ணுக்குத் தூக்கம் வந்தால் கோயில் பிரசங்கத்துக்கு நடுவில்கூட நாசூக்காகச் சொக்கும். இது மட்டும் இடம், பொருள், ஏவல் ஒன்றும் பார்க்காது. (சும்மா சொல்லவில்லை. அதைப் பற்றிப் பாடம் நடத்தித்தான் நான் டீச்சர் ஆனேன்.)

எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். நாகர்கோவிலில் ஆசிரியர் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். பாக்கி இருந்தது ஒரு மாதிரிப் பாடம். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில், அதிகாரி முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் வேலை. தேறாவிட்டால் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. அவர் நல்லவர்தான். ஆனால் தேங்காயைத் தவிர உலகத்தில் வேறெதைப் பற்றியும் பேசமாட்டார்.

பாடத்துக்குச் சீட்டுக் குலுக்கியதில், என்னோடு படித்தவளுக்குப் பூவின் பாகங்கள் விழுந்தது. எனக்கு மூத்திர உறுப்புகள். போதாக்குறைக்கு, கையில் கிடைத்த பழைய பாடப்புத்தகத்தில் சிறுநீரகத்துக்குக் ‘குண்டிக்காய்’ என்று போட்டிருந்தது. ‘ஒண்ணுக்கு’ என்பதையே காதோடு காதாகச் சொல்லும் குடும்பம் எங்களுடையது. நான் போய் ஒரு ஆண் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக் குண்டிக்காய் என்று சொல்ல வேண்டும்! கூச்சம் போக, கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லிப் பழகினேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “ஏட்டி, காலங்காத்தால யாரத் திட்டிட்டு நிக்க?” என்றாள்.

வாய் கைவிட்டாலும் காப்பாற்றட்டும் என்று ஒரு கருவி செய்தேன். ஓட்டை போட்ட இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள் குண்டிக்காய்கள். அவற்றிலிருந்து இறங்கும் ரப்பர் குழாய்கள் இரண்டும், அண்ணனின் கால்பந்துக்குள்ளிருந்து நான் உருவிய ரப்பர் பையில் போய்ச் சேரும். பையின் அடியில் ஒரு சின்னக் குழாய். அது கசியாமலிருக்க என் தலைமுடிக் கிளிப். சிரட்டையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் சொட்டுச் சொட்டாகப் பையில் இறங்கும். அறிவியலுக்கு நான் செய்த ஒரே தொண்டு அதுதான்.

பரீட்சையன்று பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “கருக்கு வெட்டி வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ மக்கா. தொண்டை காஞ்சா பேச்சு வராது” என்றாள் அம்மா. ஒரு இளநீர் போதாமல் இன்னொன்றும் குடித்தேன். பள்ளிக்கூடத்தில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அதையும் மறுக்கவில்லை. அதிகாரி வரவேண்டிய பஸ் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, குடித்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் அடிவயிற்றைத் தட்டியபோது கக்கூஸைத் தேடிப் போனேன். பூட்டிக் கிடந்தது. சாவி தலைமையாசிரியையின் இடுப்புக் கொத்தில். அந்த அம்மா அதிகாரியை எதிர்கொண்டு அழைக்க பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தார்.

வந்தார், அதிகாரியோடு சேர்ந்தே வந்தார். அதிகாரி திருவனந்தபுரத்துக்காரர், கறுப்புக் கோட்டு, பால் போன்ற வேஷ்டி. அவர் பக்கத்தில் நிற்கும்போது எப்படிக் கேட்பது? பாடம் முடிகிற வரை தாங்கும் என்று என் உடம்பை நம்பி வகுப்புக்குள் நுழைந்தேன்.

“பிள்ளைகளே, நமக்கெல்லாம் குண்டிக்காய் ரெண்டு” என்று தொடங்கினேன். வகுப்பே குலுங்கியது. அதிகாரி மட்டும் அதைத் திருவசனம் போலக் கேட்டுத் தலையாட்டினார். தைரியம் வந்தது. முதுகெலும்புக்கு இருபுறமும் மொச்சைக்கொட்டை வடிவில் இருப்பதையும், ரத்தத்திலுள்ள கழிவை அரித்தெடுப்பதையும் சொல்லிவிட்டு, மஞ்சள் தண்ணீரைச் சிரட்டைகளில் ஊற்றினேன்.

சொட்டு. சொட்டு. சொட்டு.

நான் செய்த கருவியே எனக்கு எமனாகும் என்று யார் கண்டது? ஒவ்வொரு சொட்டும் எனக்குள்ளேயே விழுந்தது. ஒரு காலில் நின்றேன். மறு காலுக்கு மாறினேன். மேசையைக் கட்டிப்பிடித்தபடி, மீதிப் பாடத்தை ரயில் வேகத்தில் ஓட்டினேன். அதிகாரியோ சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பை நெறையுன்னது ஆளு எப்படி அறியும், டீச்சர்?”

“அறியும் சார்!” நான் போட்ட சத்தத்தில் முன்பெஞ்சுப் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். “பை விரியும்போ நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். மூளை, ‘இப்ப வேண்டாம், பொறு’ன்னு சொல்லும். வாசல்ல இருக்கிற தசை இறுக்கிப் பிடிச்சுக்கும். கொஞ்சம் கழிச்சுச் சேதி மறுபடியும் வரும் சார், சத்தமா வரும். வேர்க்கும். காது அடைக்கும். எதிர்ல இருக்கிறவங்க பேசுறது கேக்காது...”

“பலே! அப்படின்னா எத்தற நேரம் தாங்கும்?”

“இதுக்கு மேல தாங்காது சார்!”

ஓடினேன். ஓடிய வேகத்தில் முந்தானை கருவியில் மாட்டியது. கிளிப் தெறித்தது. “ஐயோ” என்று பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

வராந்தாவில் தலைமையாசிரியை வழிமறித்தார். “ஏட்டி, எங்க ஓடுத? உள்ள ஆபீசர் இருக்காருல்லா!”

“சாவியத் தாங்க டீச்சர்!” என்று அவர் இடுப்பிலிருந்து கொத்தையே பிடுங்கிக்கொண்டு போனேன்.

(அடுத்த சில நிமிடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிம்மதி எனக்குப் பிள்ளை பெற்று முடித்தபோதுகூட வரவில்லை.)

வெளியே வந்தால், கிணற்றடியில் அதிகாரி நின்றிருந்தார். வெள்ளை வேஷ்டியில், எந்த இடத்தில் ஆகக்கூடாதோ அந்த இடத்தில், பெரிய மஞ்சள் கறை. “சோப்புப் போட்டா போயிரும் சார்” என்று தலைமையாசிரியை சவுக்காரக் கட்டியை நீட்டினார். அவரும் நம்பித் தேய்த்தார். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும்? மஞ்சள் கறை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வந்த காவல்காரர் பதறிப்போனார். “சாருக்கு ரெத்தமா போவுது! நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?”

அதிகாரி கையை ஆட்டி மறுத்தார். காவல்காரர் மாற்றுக்கு வைத்திருந்த கட்டம் போட்ட சாரத்தை (லுங்கியை எங்களூரில் அப்படித்தான் சொல்வோம்) இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு, மேலே கறுப்புக் கோட்டும் கீழே சாரமுமாக வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். நான் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். கண் முன்னால் தேங்காய்கள் குவியல் குவியலாக நின்றன.

“கரைய வேண்டா, டீச்சர்” என்றார். (அழ வேண்டாம் என்கிறார்.) பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “டீச்சர் படிப்பிச்சது ஆருக்கெல்லாம் மனசிலாச்சு?” என்று கேட்டார்.

முன்பெஞ்சு செல்லத்தாய் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். “குண்டிக்காய் ரெத்தத்த அரிச்சு மூத்திரத்தப் பிரிக்கும் சார். அது கொழாய் வழியா பைக்கு வரும். பை நெறஞ்சா நரம்பு சேதி சொல்லும். சேதி முத்திப் போச்சுன்னா, பரீட்சையும் பாக்காது, ஆபீசரையும் பாக்காது சார்!”

அதிகாரி சிரித்த சிரிப்பில் சாரம் அவிழப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே சிரித்தார். “கருவி மோசம். பாடம் ஒண்ணாந்தரம்” என்று எனக்குத் தேர்ச்சி போட்டுவிட்டார். புறப்படும்போது தலைமையாசிரியையிடம், கக்கூஸ் சாவியை இனிமேல் வராந்தாச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடச் சொன்னாராம். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது அங்கேதான் தொங்கியது.

அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். என்னை மயிலாடியிலிருந்து ஒரு வாத்தியார் பெண் பார்க்க வந்தார். கதை அவர் காதுக்கும் போயிருந்தது. “அனுபவிச்சுப் பாடம் நடத்துற டீச்சரப் பாக்கணும்னுதான் வந்தேன்” என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

கல்யாணத்தன்று, கோயில் வாசலில் இரண்டு வீட்டாரையும் வரிசையாக நிறுத்தி உட்காரவைக்க, போட்டோக்காரர் படாத பாடு பட்டார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர், “ஆடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவர்கள் கொடுத்த கலர் சோடாவையெல்லாம் மாப்பிள்ளை மறுக்காமல் குடித்திருந்தார். என் பக்கம் சாய்ந்து, “சேதி வந்தாச்சு” என்றார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு ஒரே ஓட்டம். போட்டோக்காரர் அழுத்திவிட்டார்.

அந்தப் படம் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. நடுவில் குனிந்த தலையோடு நான். பக்கத்தில் காலி நாற்காலி, அதன் மேல் ஒரு மாலை. புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஐயோ, மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பார்கள்.

உள்ளேயிருந்து பேரப்பிள்ளைகளும், கொல்லைப்புறத்திலிருந்து மாப்பிள்ளையும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள்: “போட்டோக்காரனையும் பாக்காது!”