தீப்பெட்டிக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரதிஷ்டை

மார்த்தாண்டத்துக்கு மேம்பாலம் வந்த பிறகு, அந்த ஊரின் ஒரே பொறியியல் சாதனை எபிசனின் மாடி அறையில்தான் நிகழ்ந்தது. வரலாறு இதை ஒருநாள் பணிவோடு ஒப்புக்கொள்ளும்.

துபாய் அத்தான் ஒரு கேம் கன்சோல் கொண்டுவந்து கொடுத்தார். விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது எபிசனின் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. கன்சோலின் மென்பொருள் பூட்டை உடைத்தான். விளையாட்டுகள் 'இலவசமாக' இறங்கின.

ஒரே குறை. கன்சோலை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், அது தான் உடைபட்டதை மறந்து மறுபடியும் யோக்கியனாகிவிடும். அதற்காகவே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சர்க்யூட் அட்டைக் கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வயரில் கோத்தான். கன்சோல் கண் விழிக்கும்போதெல்லாம் அது பூட்டை உடைத்துக் கொடுக்கும். அட்டை சூடானால் ஆற்ற ஒரு குட்டி ஃபேன். அந்த ஃபேன் நிற்காமலிருக்க வீட்டு இன்வெர்ட்டர் முழுசும் அதற்கே. கரண்ட் போன மதியங்களில் அம்மா லீலாபாய் முறத்தால் விசிறிக்கொண்டாள். அட்டை குளுகுளுவென்று இருந்தது.

மகன் எட்டு மாதமாக அறையைவிட்டு வராததை, 'வீட்டிலிருந்தே கம்பெனி' என்று லீலாபாய் புரிந்துகொண்டாள். அதோடு விட்டாளா? ஞாயிறு ஆராதனையில், ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் 'மகனின் புதிய கம்ப்யூட்டர் தொழிலுக்காக' என்று எழுதிப் போட்டாள். சபைச் செயலாளர் ஜெபதாஸ் அதை மைக்கில் வாசித்தார். மைக்கில் வாசித்த தொழிலைப் பிரதிஷ்டை செய்யாமல் விடும் வழக்கம் நம் சபையில் கிடையாது. சனிக்கிழமை நாலு மணிக்குப் போதகர் வருவதாக முடிவானது.

இதே ஜெபதாஸின் மகள் ஸ்மைலினைத்தான் எபிசனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். 'பையனுக்குத் தொழில் என்னன்னு தெரியட்டும்' என்ற இடத்தில் பேச்சு நின்றிருந்தது.

"அம்மா, என்ன காரியம் செஞ்ச? அது தொழிலே இல்ல."

"பின்ன எட்டு மாசமா உள்ள இருந்து என்னதான் செய்துட்டு இருந்த, மக்ளே?"

எபிசன் மாடியேறிப் போய், ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தான்.

சனிக்கிழமை பதினைந்து பேர் மாடியேறினார்கள். சபைக் கோயிலில் பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டும் ஸ்மைலினும் வந்திருந்தாள். போதகர் அட்டையைக் கனிவோடு பார்த்தார்.

"இது என்ன செய்யும், தம்பி?"

"பெரியதுக்கு ஒத்தாசை, ஐயா. பெரியது முழிக்கும்போ பூட்டிக் கெடக்கும். இது தொறந்து குடுக்கும்."

"பூட்டுனது யாரு?" என்றார் ஜெபதாஸ்.

"கம்பெனிக்காரன்."

"அவன் ஒனக்குத் தொறக்கத் தாக்கோல் தரல்லியா?"

"இல்ல, செக்ரட்டரி ஐயா."

ஸ்மைலின் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள். போதகர் கண்ணை மூடினார். அடைபட்ட வாசல்களைத் திறக்கும் இந்தச் சிறிய கருவியை ஆசீர்வதிக்கும்படி உருக்கமாக ஜெபித்தார். பதினைந்து ஆமென்கள் விழுந்தன. எபிசனின் சட்டை நனைந்துவிட்டது. அட்டை மட்டும் குளிர்ச்சியாக இருந்தது.

எல்லோரும் கீழே முந்திரிக்கொத்து கடித்துக்கொண்டிருக்க, ஜெபதாஸ் அவனைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மறைக்காம சொல்லு. இது களவு ஏற்பாடுதானே?"

சம்பந்தம் போயிற்று. எபிசன் தலையைக் குனிந்தான். "ஆமா, ஐயா."

ஜெபதாஸ் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம கோயில்ல பாட்டு போடுத சாஃப்ட்வேர் இருக்குல்லா? காசு கட்டல்லன்னு அடியில மஞ்சளா ஒரு பட்டை வந்து நிக்குது. ரெண்டு வருசமா எந்தப் பாட்டுக்கும் கடைசி வரி தெரியல்ல. ஒனக்க சின்னது அதுக்கும் ஒத்தாசை செய்யுமா, மக்கா?"

எபிசன் நிமிர்ந்தான்.

"செய்யும், மாமா."

உண்மையில் அந்த வேலைக்கு அட்டை தேவையே இல்லை. இருந்தாலும் பிரதிஷ்டை ஆன பொருளாயிற்றே. வெள்ளைத் துணியில் சுற்றிக் கோயிலுக்கு எடுத்துப் போனான். கால் மணி நேரத்தில் பட்டை ஒழிந்தது.

மறு ஞாயிறு, நிச்சயதார்த்தத் தேதி மைக்கில் வாசிக்கப்பட்டது. அடுத்ததாகச் சபையார் எழுந்து நிற்க, ஸ்மைலின் பத்துக் கட்டளைகளை நாலு நாலாகத் திரையில் ஏற்றினாள். இரண்டு வருடமாக மஞ்சள் பட்டைக்கு அடியில் கிடந்த எட்டாவது கட்டளை, களவு செய்யக் கூடாது என்பது, அன்றுதான் பளிச்சென்று தெரிந்தது.

அதை எல்லோரையும்விட உரக்க வாசித்தவர் ஜெபதாஸ்.