மச்சானுக்காக விசாரித்த கதை

குடிப்பவன் பொய் சொல்வான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் மாட்டிக்கொள்ளும் பொய்யாகப் பார்த்துச் சொல்வேன். (நிதானத்தில் இருந்தாலும் அப்படித்தான்.)

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி செல்வி, மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "குடிய விடுறவங்க கூட்டம் நடக்குதாம். அங்க போயிட்டு வாங்க, அப்பறம் நான் வர்றேன்" என்றாள்.

நான் திருக்காட்டுப்பள்ளியில் பம்புசெட் மோட்டார் பழுது பார்ப்பவன். சுற்றுவட்டாரத்தில் என்னைத் தெரியாத வயற்காரர் கிடையாது. அதனால் தஞ்சாவூரில் நடக்கும் கூட்டமாகத் தேடிப் போனேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"புதுசா வந்திருக்கீங்க. இஷ்டம்னா பேசுங்க" என்றார் கூட்டத்தை நடத்திய தையல்காரர்.

எழுந்தேன். "எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க. என் மச்சானுக்காக விசாரிக்க வந்தேன்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். பத்துப் பேர் பரிவாகத் தலையாட்டியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெற்ற மகளின் காதுகுத்துக்குப் போட்ட மாலையோடு மச்சான் நாற்றங்காலில் விழுந்து கிடந்ததைச் சொன்னேன். அந்தக் குழந்தை அதற்கப்புறம் அவரிடம் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (நன்றாக நடிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.)

பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

"நான்தாங்க அந்த மச்சான்."

திரும்பினேன். செல்வியின் அண்ணனேதான். சர்க்கரை வந்ததால் குடியை விட்டார் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த மனிதர், எட்டு மாதமாக அங்கே வந்துகொண்டிருந்திருக்கிறார்.

அவர் கோபப்படவில்லை. "மாப்ள, நாத்தங்கால்ல கெடந்தது நான் இல்ல. தூக்கிட்டு வந்தவன் நான்" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "திருப்பிச் சொல்லுங்க. ஆள மட்டும் மாத்திச் சொல்லுங்க."

சொன்னேன். அதே கதைதான். முடிக்க வெகு நேரம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

அவர் பைக்கில்தான் அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் செல்வியிடம் நானே சொன்னேன். அவள் முதலில் அழுதாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

நடுவே ஒருமுறை சறுக்கினேன். மச்சான்தான் மறுபடி கூட்டிப் போனார். இன்று வரை இருவரும் சேர்ந்தே போகிறோம்.

இப்போதெல்லாம் இருமல் மருந்து வாங்கக் கிளம்பினாலும் செல்வி கேட்பாள்: "உங்களுக்கா, எங்கண்ணனுக்கா?"

"எனக்குத்தான்" என்று சொன்ன பிறகே வண்டிச் சாவியைத் தருவாள்.